ஜோவும் கபிலனும்

மனத்திரை – 7

சென்ற வாரம் பார்த்த சதோஷி கோனின் ‘பெர்ஃபெக்ட் புளூ’ எது நிஜம், எது பிரமை என்று நம்மையே தடுமாற வைக்கும் படம். உளவியல் அனிமே என்றதும் பலரும் இப்படிப்பட்ட புதிர்களைத்தான் கைகாட்டுகிறார்கள். அவை பெரிய படைப்புகள்தாம், சந்தேகமில்லை. ஆனால் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ வளர்ந்த ஒருவர் எதில் தொடங்கலாம் என்று கேட்டால், நான் சொல்லும் பெயர் வேறு: ‘அஷிதா நோ ஜோ’. நாளைய ஜோ. ஒரு குத்துச்சண்டைக் கதை.

குத்துச்சண்டையை வடசென்னைக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் கடலுக்குப் போனவர்களும் மில் தொழிலாளிகளும் பகல் வேலை முடித்துவிட்டு கிளவுஸ் மாட்டிய ஊர் இது. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து மோதினார்கள். வாத்தியார் வைத்ததே சட்டம். 1980இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியது இன்றும் இங்கே பெருமையாகப் பேசப்படுகிறது.

அந்த உலகத்தை 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ மூலம் திரைக்குக் கொண்டுவந்தார் பா.இரஞ்சித். துறைமுகக் கூலித் தொழிலாளி கபிலன், ரங்கன் வாத்தியாருக்காக மேடையேறுகிறான். வெற்றியின் விளிம்பில் மேடை கலைக்கப்படுகிறது. பிறகு சிறை, சாராயம், ஊதிப்போன உடம்பு. பீடி ராயப்பன் அவனைக் கடலுக்கு அழைத்துப்போய்த் தேற்றுகிறார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்தச் சரிவுதான். ஆனால் ஏறத்தாழ மூன்று மணி நேரப் படத்தில் அதற்குக் கிடைத்த இடம் குறைவு. உடைந்த மனம் தேற எவ்வளவு காலமாகும் என்று காட்ட ஒரு தொடருக்குத்தான் பொறுமை உண்டு.

‘அஷிதா நோ ஜோ’வும் இந்தக் கட்டுரையைப் போல ஒரு வார இதழில்தான் பிறந்தது. 1968 முதல் 1973 வரை ஜப்பானின் ‘வீக்லி ஷோனென் மேகசின்’ அதை வெளியிட்டது. எழுதியவர் அசாவோ தகாமோரி, வரைந்தவர் டெட்சுயா சிபா. ஒசாமு டெசாகி இயக்கிய அனிமே 1970 ஏப்ரல் 1 அன்று தொடங்கி 79 பகுதிகள் ஓடியது. களம், தினக்கூலிகள் தங்கும் டோக்கியோவின் சான்யா பகுதி. விடுதி வாடகை கொடுத்தால் சாப்பாட்டுக்கு மிஞ்சாத வாழ்க்கை.

அங்கே வந்து சேரும் அநாதைப் பையன் ஜோ. அவனிடம் ஒரு வீரனைக் காண்பவர் டான்பெய் என்ற ஒற்றைக் கண் குடிகாரக் கிழவர், முன்னாள் குத்துச்சண்டை வீரர். ஜோ சிறார் சிறைக்குப் போனபின் அவர் அஞ்சலட்டையில் பாடம் நடத்துகிறார். ஓர் அட்டைக்கு ஒரு குத்து. முதலில் அலட்சியமாகப் பார்க்கும் ஜோ, வேறு செய்ய ஒன்றுமில்லாமல் பழகிப் பார்க்கிறான். தன்னை ஒருவர் பொருட்படுத்துகிறார் என்ற உணர்வு ஒரு முரடனுக்குள் எப்படி இறங்குகிறது என்பதை அந்த அட்டைகள் காட்டுகின்றன.

சிறையில் அவனுக்கு வாய்க்கும் எதிரி ரிக்கியிஷி. எடையில் ஜோவைவிடப் பெரியவன். ஆனாலும் அவனோடு மோதியே ஆக வேண்டும் என்பதற்காகத் தன் உடம்பை வற்றடித்துக் கீழ்ப்பிரிவுக்கு இறங்குகிறான். தண்ணீர்க் குழாயைக்கூட இறுக்கிக் கட்டச் சொல்கிறான். அந்தப் போட்டியில் ஜெயிக்கிறான். ஜெயித்த கையோடு செத்துப்போகிறான்.

வாசகர்களால் அதைத் தாங்க முடியவில்லை. 1970 மார்ச் 24 அன்று, கவிஞரும் நாடகக்காரருமான ஷூஜி தெராயாமா முன்னின்று, கொடான்ஷா பதிப்பகத்தில் ரிக்கியிஷிக்கு நிஜமாகவே இறுதிச்சடங்கு நடத்தினார். சுமார் 700 பேர் வந்தார்கள். காகிதத்தில் பிறந்த ஒருவனுக்காக!

இந்தத் தொடரில் இதற்கு நான் இடம் கொடுப்பது அதற்கு அடுத்து வரும் பகுதிகளுக்காக. எதிரியின் நெற்றிப்பொட்டில் விழுந்த தன் குத்துதான் ரிக்கியிஷியைக் கொன்றது என்று ஜோவுக்குத் தெரியும். மறுபடி மேடையேறும்போது யார் தலையையும் அவனால் குறிவைக்க முடியவில்லை. கை போகிறது, நின்றுவிடுகிறது. மேடையிலேயே வாந்தி எடுக்கிறான். ஒரு பாட்டிலும் நாலு பயிற்சிக் காட்சியிலும் அது சரியாகிவிடுவதில்லை. தோற்கிறான், ஊர் ஊராகச் சின்ன மேடைகளில் அலைகிறான். குற்றவுணர்வை உடம்பு எப்படிச் சுமக்கிறது என்பதை இவ்வளவு நிதானமாகச் சொன்ன விளையாட்டுக் கதை நான் வேறு கண்டதில்லை.

1970இன் ஓவியம் கண்ணுக்குப் பழகாது என்பவர்கள் ‘மெகலோ பாக்ஸ்’ஸில் தொடங்கலாம். ஜோ பிறந்து 50 ஆண்டு ஆனதை ஒட்டி 2018இல் யோ மொரியாமா இயக்கியது, 13 பகுதிகள். 2021இல் வந்த இரண்டாம் பருவம், ‘நோமாட்’, இன்னும் ஆழமானது. பட்டம் வென்றவன் தன் வாத்தியாரை இழந்து, வலி மாத்திரைக்கு அடிமையாகி, இறந்தவரின் குரலோடு பேசிக்கொண்டு திரிகிறான். அவனைத் தாங்கிப் பிடிப்பது, இருக்கும் இடமும் பறிபோகும் பயத்தில் வாழும் ஒரு புலம்பெயர்ந்த கூட்டம். கடலோரக் குப்பத்தை விட்டு எர்ணாவூர் சுனாமி குடியிருப்புக்குப் போன குடும்பங்களுக்கு அந்தப் பயத்தை விளக்க வேண்டியிராது.

ஜோவின் கதை இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறது. 1980இல் தொடங்கிய 47 பகுதி ‘ஜோ 2’இல், வெனிசுலா வீரன் கார்லோஸ் ரிவேரா, அடி வாங்கி வாங்கி நினைவு கலங்கிய மனிதனாகத் திரும்பி வருகிறான். தலையில் தொடர்ந்து விழும் குத்துகள் மூளையைக் கெடுக்கும் என்று அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928லேயே எழுதிவிட்டார். நாக்கு குழறல், நடையில் தள்ளாட்டம், மறதி, திடீர்க் கோபம். உங்கள் தெருவில் உள்ள பழைய வாத்தியாருக்கு இவை இருந்தால், வயசாயிடுச்சு என்றோ குடி என்றோ ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. நரம்பியல் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

ஜோ சிறு பிள்ளைகளுக்கானது அல்ல. பதின்வயதினர் பெரியவர்களோடு பார்ப்பது நல்லது. ஒரே மூச்சில் பார்க்காமல் நாளுக்கு ஒன்றிரண்டு பகுதியாகப் பாருங்கள். 2025இல் ‘டீமன் ஸ்லேயர்’ தியேட்டர்களில் தமிழ் பேசியது. ஜோவும் டான்பெய்யும் வடசென்னைத் தமிழ் பேசினால் எப்படி இருக்கும்! உரிமை வைத்திருப்பவர்கள் அதற்கு முன்வர வேண்டும்.

அடுத்த வாரம்: டோக்கியோவின் சுமிதா ஆற்றங்கரையில் தனியே வாழும் ஷோகி விளையாட்டு வீரன் ஒருவனின் கதை, ‘மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்’.