எச்சில் சொன்ன சேதி

ரத்தப் பரிசோதனை என்றாலே எனக்குக் கை கால் உதறும். என் அம்மாவுக்கும் அப்படித்தான். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போட்டே வந்தவள், காலில் ஆறாத புண் வந்த பிறகுதான் டாக்டரிடம் போனாள். சர்க்கரை நோய்! கடைசியில் ஒரு விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. அதைக் கண்ணால் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லையே!

போன வருஷம் கோடையில் எனக்கு வாய் உலர்ந்து உலர்ந்து போயிற்று. ராத்திரி இரண்டு தரமாவது எழுந்து தண்ணீர் குடிப்பேன். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். எல்லாம் வெயில் படுத்தும் பாடு என்று மோரைக் குடித்துக்கொண்டு, பற்பசையை மாற்றிக்கொண்டு நாளைக் கடத்தினேன். ஈறு வீங்கிய பிறகுதான் பல் டாக்டரிடம் போனேன்.

"ஏம்மா, நாக்கு இப்படிக் காய்ஞ்சிருக்கே! வீட்டில யாருக்காவது சுகர் உண்டா?" என்றார் அந்த டாக்டரம்மா.

"அம்மாவுக்கு இருந்தது."

"அப்போ முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து புலம்பினேன். என் மகன், "அம்மா, எச்சிலை வைச்சே சர்க்கரை பார்க்கலாமாம்! ஆஸ்திரேலியாவில நியூகாஸில் பல்கலைக்கழகத்தில அதுக்கு ஒரு பட்டை கண்டுபிடிச்சு, 2021-ல அரசாங்கம் பணம்கூடக் கொடுத்திருக்காம்" என்றான். எனக்குப் பாயசம் சாப்பிட்ட மாதிரி இருந்தது. மறுநாளே டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

அவர் சிரித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். எச்சிலிலும் சர்க்கரை உண்டு. ஆனால் ரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். அவ்வளவு சொற்பத்தை அளப்பதே கஷ்டம். சாப்பிட்ட துணுக்கு வாயில் ஒட்டியிருந்தால் கணக்கு ஏறிவிடும். வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்றுவிட்டால் இறங்கிவிடும். ஈறில் ரத்தம் கசிந்தால் அதுவும் கலந்துவிடும். "ஆராய்ச்சி நடக்குது, நல்ல விஷயம்தான். ஆனா இன்னிக்கு நோய் உண்டா இல்லையான்னு முடிவு பண்ண ரத்தம்தாம்மா வேணும்" என்றார்.

மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு லேபுக்குப் போனேன். எறும்பு கடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்! இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று வெட்கமாகிவிட்டது. வெறும் வயிற்றில் 172. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.4. வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும், ஹெச்பிஏ1சி 6.5-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய் என்று கணக்கு. 100-லிருந்து 125 வரை என்றால் எச்சரிக்கை மணி.

இப்போது மாத்திரை, நடை, அளவுச் சாப்பாடு. வீட்டிலேயே மீட்டரில் பார்த்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த இரண்டு யோசனைகள்: குத்துவதற்கு முன் கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். பழம் நறுக்கிய கையோடு பார்த்தால் தப்பாக ஏற்றிக் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு.

பல்லையும் விடவில்லை. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. இரண்டும் கைகோத்துக்கொண்டு ஆடும். காலையும் இரவும் பல் தேய்க்கிறேன். நாலு மாதத்தில் ஹெச்பிஏ1சி 6.9-க்கு இறங்கியது. ஈறில் ரத்தமும் நின்றது.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பமாக இருக்கும்போது 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். குமட்டுகிறது என்று தட்டிக் கழிக்காதீர்கள். அப்போது சர்க்கரை இருந்தவர்கள், குழந்தை பிறந்து ஆறு வாரம் கழித்து மறுபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தையைக் கவனிக்கிற மும்முரத்தில் இதை மறந்துவிடுகிறோம்.

வாய் உலர்ந்தால், ஈறு கசிந்தால் வெயில் மேல் பழி போடாதீர்கள், சகோதரிகளே. என் எச்சில் சேதி சொன்னது வாஸ்தவம். ஆனால் கணக்குச் சொன்னது ஒரு சொட்டு ரத்தம்தான். அந்தச் சொட்டைக் கொடுக்க என் அம்மா பயந்தாள். நீங்கள் பயப்பட வேண்டாம்.