கொஞ்சம் பொறுங்க பாஸ்... அது இன்னும் குட்டிதான்!

"மச்சி, எங்க வீட்டு கிரேட் டேன் ஹீட்டுக்கு வந்துடுச்சுடா! நல்ல ஆண் நாயா ஒண்ணு பாரு. குட்டிகளை வித்தா செமஸ்டர் ஃபீஸே கட்டிடலாம்!"

இப்படி ஒரு கணக்கு உங்க மனசுல ஓடுதா? ஒரு நிமிஷம் பாஸ். ஹீட்டுக்கு வர்றது வேற, தாயாகத் தயாராகறது வேற.

சின்ன இன நாய்கள் ஆறு மாசத்துலயே பருவத்துக்கு வந்துடும். கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட், மாஸ்டிஃப் மாதிரி ராட்சச சைஸ் நாய்களுக்கு ஒரு வயசு தாண்டலாம். சிலதுக்கு ரெண்டு வயசே நெருங்கிடும். அதுங்களோட எலும்பு முழுசா வளர்ந்து முடிய 18 முதல் 24 மாசம் ஆகும். அதுக்குள்ள வயித்துல குட்டின்னா, தன் உடம்புக்கும் குட்டிகளுக்கும் சேர்த்து அது எங்கே போகும், பாவம்!

நம்ம ஊர் முத்துக்குளிப்பையே எடுத்துக்கோங்க. பார்ல சிப்பி கிடக்குன்னு உடனே எல்லாரும் குதிச்சிட மாட்டாங்க. முதல்ல மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பாங்க. பிஞ்சுச் சிப்பின்னா குளிப்பைத் தள்ளிப் போட்டுடுவாங்க. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிஞ்சு போச்சு. ஆனா அந்தப் பொறுமை உங்க நாய்க்கும் வேணும்.

சட்டமும் இதையேதான் சொல்லுது. மத்திய அரசின் 2017-ம் வருஷ விதிகள்படி, 18 மாசம் ஆகாத நாயை கிராஸுக்கு விடக்கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈத்து, ஆயுளுக்கு அஞ்சு ஈத்து, அவ்வளவுதான். வியாபாரமா செய்யறவங்க மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பண்ணியாகணும். ராட்சச இனம்னா ரெண்டு வயசு வரை காத்திருக்கறது இன்னும் நல்லது.

ரெண்டு வயசாயிடுச்சா? இடுப்பு எலும்புக்கு எக்ஸ்-ரே, இதயப் பரிசோதனை, புரூசெல்லா ரத்தப் பரிசோதனை மூணையும் முடிங்க. ரத்தக்கசிவு ஆரம்பிச்ச முதல் ஒன்பது நாள் போல ஆண் நாயைக் கிட்டவே சேர்க்காது. அடுத்த ஒன்பது நாள்தான் சேர்க்கும். இது நாய்க்கு நாய் மாறும். சரியான நாளைக் கண்டுபிடிக்க புரோஜெஸ்டிரோன் டெஸ்ட் இருக்கு. விவரம் வேணும்னா, பக்கத்துலயே திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கே!

இன்னொரு மேட்டர். கர்ப்பம் சுமார் 63 நாள். மார்ச்சில் சேர்த்தா மே மாசம் பிரசவம். நாய் மூச்சிரைச்சுத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கணும். கடலோரப் புழுக்கத்துல அதுவும் கஷ்டம். அக்னி நட்சத்திரத்துல அந்த வாயில்லா ஜீவனை வதைக்காதீங்க.

டாக்டர் ஓகே சொன்ன பிறகு மாப்பிள்ளை தேடலாம். அதுவரைக்கும் சாயங்காலம் முத்துநகர் பீச்சுக்கு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க. ஃபீஸுக்கு வேற வழி பார்ப்போம்!