ஒரு லட்சம் என்ற எண்

“முதல்ல வர்றதை விட்டுருங்கக்கா, நடுவுல வர்றதை மட்டும் பிடிங்க.” லேப் கவுன்டரில் சிறுநீர் பிடிக்கப் பிளாஸ்டிக் டப்பாவை நீட்டும் பெண் இதைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார். வாங்குகிறவரும் பின்னால் நிற்பவர்களை நினைத்துக்கொண்டு, பாதி கேட்டும் கேட்காமலும் தலையாட்டிவிட்டுப் போவார். இரண்டு நாள் கழித்து வரப்போகும் ரிப்போர்ட்டின் தலையெழுத்து பெரும்பாலும் அந்த இடத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

நீர்க்கடுப்பு என்றதும் நம் வீடுகளில் வரும் முதல் தீர்ப்பு ‘சூடு’. உடனே இளநீர், பார்லிக் கஞ்சி. தண்ணீர் நிறையக் குடிப்பதில் தப்பில்லை, கிருமிகளை அடித்துக்கொண்டு போக அது உதவும். ஆனால் தொற்றுதான் காரணம் என்றால், கிருமி பெரும்பாலும் நம் குடலிலிருந்தே வருகிறது. பத்தில் ஏழெட்டுப் பேருக்கு அது இ.கோலை, 1885-ல் தியோடர் எஷெரிக் குழந்தைகளின் மலத்தில் கண்டு விவரித்த பாக்டீரியா. குடலில் சாதுவாகக் கிடப்பது, சிறுநீர்த் துவாரத்துக்கு இடம் மாறினால் வம்பு. பெண்களின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான்; ஆண்களுக்கு 20 செ.மீ. அளவில் இருக்கும். தாம்பத்திய உறவின்போது கிருமி உள்ளே தள்ளப்படலாம். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜென் குறைவதால் அங்கே காவல் காத்த நல்ல பாக்டீரியாக்களும் குறைந்துவிடும். இதையெல்லாம் ‘சுத்தமில்லாதவள்’ என்ற ஒரே சொல்லில் அடக்குவது அநியாயம்.

சிறுநீர்ப்பைக்குள் போன இ.கோலை மயிரிழை போன்ற கால்களால் சுவரின் சர்க்கரை மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கிறது. வேடிக்கை என்னவென்றால், நீரோட்டம் இழுக்க இழுக்க அந்தப் பிடி இறுகும்! சில பாக்டீரியாக்கள் சுவரின் செல்களுக்குள்ளேயே புகுந்தும் ஒளிந்துகொள்கின்றன. தொற்று திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி லேப்புக்குள் போவோம். கல்ச்சர் பரிசோதனைக்கு ஒரு கம்பி வளையம் உண்டு. அது அள்ளுவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதை ஊட்டப் பசைத் தட்டில் தேய்த்து ஓரிரவு 37 டிகிரியில் வைத்தால், உயிருள்ள ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். 100 புள்ளி என்றால் ஒரு மில்லிக்கு ஒரு லட்சம்.

இந்த ஒரு லட்சத்தை எல்லைக்கோடாக நிலைநாட்டியவர் பாஸ்டனைச் சேர்ந்த எட்வர்ட் காஸ், ஆண்டு 1956. தொற்று உள்ளவர்களையும், டப்பாவில் தோல் கிருமி மட்டும் கலந்தவர்களையும் பிரிக்க அவருக்கு அது கைகொடுத்தது. 1982-ல் சியாட்டில் ஆய்வாளர்கள், எரிச்சலோடு வந்த பெண்களின் சிறுநீரைப் பையிலிருந்தே நேராக எடுத்துப் பார்த்தார்கள். உண்மையில் தொற்று இருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு எண்ணிக்கை லட்சத்தைத் தொடவே இல்லை. ஆகவே கடுப்பும் அவசரமும் இருக்கும் பெண்ணிடம் “லட்சம் வரலையே, ஒண்ணுமில்லை” என்று சொல்லிவிட முடியாது.

இதற்கு நேரெதிரான கூத்தும் உண்டு. தோதான சூட்டில் இ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்தக் கணக்கில் ஆயிரம் கிருமி மூன்று மணி நேரத்தில் ஐந்து லட்சம். கைப்பையில் கிடக்கும் டப்பாவில் அத்தனை வேகம் இருக்காதுதான். ஆனாலும் காலையில் வீட்டில் பிடித்து, பஸ் ஏறி, மதியம் கொடுத்தால் இல்லாத தொற்று முளைத்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

உடனே பதில் சொல்லும் பட்டைச் சோதனைக்கும் வரம்பு உண்டு. அது தேடும் நைட்ரைட் உருவாக, சிறுநீர் பையில் சுமார் நான்கு மணி நேரமாவது தங்க வேண்டும். எரிச்சலில் அரை மணிக்கொரு தரம் போகிறவருக்கு எங்கே தங்கும்? என்டிரோகாக்கஸ் போன்ற கிருமிகளோ அதை உருவாக்குவதே இல்லை.

வயதான பெண்கள் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே லட்சத்துக்கு மேல் காட்டும். அதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. கொடுத்தால் எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமிகள்தான் மிஞ்சும். கர்ப்பிணிகள் விதிவிலக்கு. கவனிக்காமல் விட்டால் தொற்று சிறுநீரகம்வரை ஏறக்கூடும் என்பதால் அவர்களுக்கு மருந்து உண்டு.

மூன்று நான்கு வகைக் கிருமிகள் சேர்ந்து முளைத்தால் லேப் எண்ணைச் சொல்லாது. ‘கலப்பு வளர்ச்சி, மீண்டும் மாதிரி தரவும்’ என்று எழுதி அனுப்பும். திரும்பவும் அதே கவுன்டர், புது டப்பா, அதே தாழ்ந்த குரல்.