கண்ணாடித் தொட்டியும் ஆள்புலமும்: கொறளியா மீன்கள் பற்றிய ஒரு நோக்கு

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலான நெருக்கமான குடியிருப்புகளிலே அலங்கார மீன் வளர்ப்பு நடுத்தர வர்க்கத்தாரின் பொழுதுபோக்குகளுள் ஒன்றாகும். மீன் வளர்ப்போரிடையே அடிக்கடி எழும் முறைப்பாடு ஒன்றுண்டு. சோடியென வாங்கி வந்த மீன்களுள் ஒன்று மற்றையதைக் கடித்தே கொன்றுவிடுகின்றது. 'அது அதன் சுபாவம்' என்பதே இதற்குக் கிடைக்கும் வழமையான விடை. இவ்விடை மீனைப் பொறுத்தவரையிற் போதாதது. மனிதரைப் பற்றிச் சொல்லப்படும்போது ஆபத்தானது. இலக்கிய மாணவராகிய நாம் மீனைப் பற்றி எழுத நேர்வது இதனாலேயே.

சிச்சிலிட் குடும்ப மீன்களுட் பெரும்பாலானவை ஆபிரிக்காவுக்கும் அமெரிக்காக்களுக்கும் உரியவை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இயல்பாக உரியவை மூன்று இனங்களே. அவற்றுள் இரண்டு இலங்கையின் களப்புகளிலும் உவர்நீர்ப் பகுதிகளிலும் வாழ்கின்றன. ஒன்று, கேரளத்தில் கரிமீன் என்றும் சிங்களத்திற் கொறளியா என்றும் வழங்கும் பச்சைக் குறோமைட்டு. மற்றையது, அதன் சிறிய உறவினமாகிய மஞ்சட் குறோமைட்டு. மஞ்சள் இனத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே கல்லையோ மரத்துண்டையோ துப்புரவாக்கி முட்டையிட்டுக் காவல் காக்கின்றன. குஞ்சுகள் பெற்றோரின் உடலிற் சுரக்கும் சளியைக் கொத்தி உண்டு வளர்கின்றன. இத்தகைய பராமரிப்புக்குக் காக்கத்தக்க ஓர் இடம் வேண்டும். அவ்விடமே ஆள்புலமாகும். ஆகவே இம்மீனின் மூர்க்கம் காரணமற்ற வெறியன்று; இனப்பெருக்கத்தின் ஒரு கூறு.

களப்பிலே அயல்மீன் எல்லையைத் தாண்டினால் துரத்தப்படும். அது விலகிச் சென்றதும் துரத்தல் முடிவடையும். தொட்டியில் தோற்ற மீன் எங்கே விலகிச் செல்வது? நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அது எப்போதும் வென்ற மீனின் கண்முன்னேயே நிற்கின்றது. தாக்குதலைத் தூண்டும் காட்சி நீங்காதபடியால் தாக்குதலும் நீங்குவதில்லை. கொலையிற் முடிவது மீனின் சுபாவம் மட்டுமன்று, தொட்டியின் அமைப்புமாகும்.

அனுபவமுள்ள வளர்ப்பாளர் கைக்கொள்ளும் முறைகள் யாவும் இவ்வுண்மையையே ஏற்று நிற்கின்றன. அவர்கள் வளர்ந்த இரு மீன்களை வலிந்து சேர்ப்பதில்லை. ஆறு அல்லது எட்டுக் குஞ்சுகளை ஒன்றாக வளர்த்துத் தாமாகவே சோடி சேர விடுகின்றனர். வேறுவழியின்றி இரண்டைச் சேர்க்க நேரின், சில நாள்கள் இடையிலே கண்ணாடித் தடுப்பு வைத்து ஒன்றையொன்று பழகச் செய்கின்றனர். மண்சட்டி, கூரையோடு, கல் ஆகியவற்றை அடுக்கிப் பார்வையை மறிப்பதோடு, நலிந்தது ஒதுங்க இடமும் அமைக்கின்றனர். புதிய மீனை விடும்போது கற்களை இடம்மாற்றினாற் பழைய எல்லைகள் குலைந்துவிடும்; பழைய மீனும் புதியதைப் போலவே இடந்தேட வேண்டியதாகும். இங்கு மாற்றப்படுவது மீனன்று, மீன் வாழும் நிலைமைகளே.

மஞ்சட் குறோமைட்டு அறிவுலக விவாதமொன்றிலும் இடம்பெற்றது. அயல்மீன்களிலிருந்து தனிமைப்படுத்தப்பட்ட சோடிகளின் இனப்பெருக்கம் எவ்வாறு பாதிக்கப்படுகின்றது என்பது பற்றி ஆன் றாசா 1969இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1963இல் வெளிவந்த நூலொன்றிற் கொன்றாட் லொறன்ஸ், எதிரியில்லாத ஆண் சிச்சிலிட் தன் துணையையே தாக்குவதைச் சான்றாகக் காட்டியிருந்தார். மூர்க்கம் உள்ளே தேங்கி, வடிகாலின்றேல் உடைப்பெடுக்கும் ஓர் உந்தல் என்பது அவர் வாதம். அதனை அவர் மனிதருக்கும் விரித்துரைத்தார். இத்தகைய 'தேங்கும் சக்தி' விளக்கங்களை றொபேட் ஹைன்ட் 1960இலேயே கேள்விக்குட்படுத்தியிருந்தார். மேலும் 1972இல் வைமனும் வார்டும் வெளியிட்ட அவதானிப்பின்படி, இதே மஞ்சட் குறோமைட்டு தன் உறவினமாகிய பச்சைக் குறோமைட்டின் உடலைக் கொத்தித் துப்புரவு செய்கின்றது. ஒரு நிலைமையிற் கொல்லும் வாய் இன்னொரு நிலைமையிற் பணிசெய்கின்றது.

உவமைக்குப் பொதுத்தன்மை வேண்டும் என்பது நம் அணியிலக்கணத்தின் பாலபாடம். மீனின் ஆள்புலத்துக்கும் மனிதரின் இனவன்முறைக்கும் உள்ள பொதுத்தன்மை யாது? கொட்டாஞ்சேனையில் 1883இற் பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்குமிடையே கலவரம் மூண்டது. சரியாக நூறாண்டுகளின் பின், 1983 யூலையில், வெள்ளவத்தையிலே தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. தாக்க வந்தோரின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தமை பரவலாகப் பதிவாகியுள்ளது. எந்த மீனும் பட்டியல் பார்த்து வருவதில்லை. பட்டியல் இருந்ததெனின் அங்கே ஒழுங்கமைப்பு இருந்தது. ஒழுங்கமைப்பின் பின்னே அரசியலும் நலன்களும் இருந்தன. இவற்றை 'இயல்பூக்கம்' என்று பெயரிட்டழைப்பது பொறுப்பாளிகளைக் கண்ணுக்கு மறைப்பதாகும்.

மனித சமூகத்தின் போட்டியை இயற்கையின்மீது ஏற்றிப் பின்னர் அதனையே நித்திய விதியாகச் சமூகத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் வித்தையை ஏங்கெல்ஸ் 1875இல் லவ்றோவுக்கு எழுதிய கடிதத்திற் சுட்டிக்காட்டினார். போர் செய்யும் இயல்பை விலங்கு மூதாதையரிடமிருந்து மனிதர் பெற்றுள்ளனர் என்பது அறிவியலுக்கு ஒவ்வாதது என, 1986இல் விஞ்ஞானிகள் செவில் நகரிற் பிரகடனஞ் செய்தனர். யுனெஸ்கோ 1989இல் அதனை ஏற்றுக்கொண்டது.

மீனிடமிருந்து நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டெனின், அது வளர்ப்பாளரின் நடைமுறையிலேயே உள்ளது. மூர்க்கத்தைக் கண்டதும் அவர் மீனைச் சபிப்பதில்லை, தொட்டியைப் பார்க்கின்றார். ஆயினும் ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. மீன் தன் தொட்டியை ஆக்கியதுமில்லை, அதனை மாற்றவும் இயலாது. மனிதர் தாம் வாழும் நிலைமைகளைத் தாமே ஆக்கியவர்கள். அவற்றை மாற்றவும் வல்லவர்கள்.