கங்காணியும் கண்காணிப்புக் கேமராவும்: இரவுக் காட்சி தெளிவுபெறும் வழி

கெடாவின் தோட்டப்புறங்களில் வளர்ந்தோர்க்குக் 'கங்காணி' என்னும் சொல் புதிதன்று. 'கண்காணி' என்பதன் ணகர மெய், அடுத்து வரும் ககரத்தின் சார்பால் பேச்சில் ஙகரமாகத் திரிந்ததே இவ்வடிவம். சோழர்காலக் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்த்தோரைக் குறிக்கவும், திருமந்திரத்தில் எங்கும் நிறைந்து நோக்கும் இறைவனைக் குறிக்கவும் 'கண்காணி' ஆளப்பட்டுள்ளது. லயங்களை விட்டுச் சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் போன்ற ஊர்களின் தாமான் வீடுகளில் நாம் குடியேறிய பின்னர், அப்பணியை வீட்டு முகப்பில் பொருத்திய சிறு கேமராவிடம் ஒப்படைத்துள்ளோம். அது இரவில் உண்மையாகவே காண்கிறதா என்பதே இவ்வுரையின் வினா.

இவ்வினா எழக் காரணம் உண்டு. நாம் அறிந்த குடியிருப்பு ஒன்றில் ஓர் இரவு மோட்டார் சைக்கிள் களவு போயிற்று. கேமராப் பதிவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெண்மையான திட்டு ஒன்றே தெரிந்தது. ஆயினும், வெளிர்நிறச் சட்டையையும் நடையையும் கொண்டு, அடுத்த தெருவின் இளைஞன் ஒருவனே அவன் என்று பலர் முடிவு கட்டினர். அவன் அவ்விரவு தொழிற்சாலையில் பணியில் இருந்தான் என்பது உறுதியாகும்வரை, இரண்டு நாள் அவன் தாய் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. ஆகவே, தெளிவற்ற படம் பயனற்றது மட்டுமன்று, தீங்கும் பயப்பதாகும்.

1. கேமரா இருளில் காணும் முறை

நம் கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. கேமராவின் சிலிக்கான் உணரியோ அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்புக் கதிரையும் உணரவல்லது. 1800ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையின் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து இக்கதிரைக் கண்டறிந்தார். சிவப்புக்கு அப்பால் உள்ளதை அகச்சிவப்பு என்றும், ஊதாவுக்கு அப்பால் உள்ளதைப் புறஊதா என்றும் தமிழ் வழங்குவது மாணவர் நினைவில் எளிதில் நிற்கும்.

பகலில் அகச்சிவப்பு நுழைந்தால் நிறங்கள் திரியும். எனவே உணரியின் முன் ஒரு வடிகட்டி நிற்கிறது. இருட்டியதும் அது விலகுகிறது. அப்போது 'டிக்' என்னும் சிற்றொலி கேட்பதுண்டு. உடனே கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் ஒளிர்கின்றன. 850 நானோமீட்டர் விளக்கு மங்கிய செந்நிறமாகத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு நம் கண்ணுக்கு அறவே தெரியாது; ஆனால் அது எட்டும் தொலைவு குறைவு.

அகச்சிவப்பில் பதிவாகும் படத்தில் நிறம் இல்லை. ஒளியின் மிகுதியும் குறைவுமே உண்டு. சாயமிட்ட கறுப்புத் துணிகள் பல அகச்சிவப்பை நன்கு எதிரொளிப்பதால் வெளிர்நிறமாகத் தோன்றும். எனவே இரவுப் படத்திலுள்ள சட்டையின் நிறம் சான்றாகாது.

2. நெற்றி விளக்கு தரும் பாடம்

விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்றோர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொள்வர். கைக்கெட்டும் மரத்தின் வெட்டுப்பட்டை துலங்கும். அடுத்த நிரையோ இருளில் கிடக்கும். தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்பதே காரணம். 5 மீட்டரில் முகத்தை நன்கு காட்டும் விளக்கு, 10 மீட்டரில் அவ்வொளியில் கால் பங்கையே தருகிறது.

பனிமூட்டத்தில் அவ்விளக்கு வேறொன்றையும் கற்பித்தது. கண்ணை ஒட்டிய விளக்கின் ஒளி பனித்துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும்; விளக்கைக் கழற்றி இடுப்பளவில் பிடித்தால் பாதை தெரியும். கேமராவின் நிலையும் இதுவே. வில்லையைச் சூழ்ந்துள்ள விளக்கின் ஒளி, முன்னே தொங்கும் சிலந்தி நூல், மழைத்துளி, கூரை விளிம்பு, கடைவீதி அஞ்சடியின் வெள்ளைத் தூண் ஆகியவற்றில் பட்டுத் திரும்புகிறது. வெளிச்சம் மிகுதி என்று கருதும் கேமரா, படம் முழுவதையும் இருட்டாக்கிவிடுகிறது.

இதற்குரிய தீர்வுகள் எளியவை. வில்லையை மென்துணியால் துடைத்துச் சிலந்தி வலையை வாரந்தோறும் நீக்குக. கூரையும் சுவரும் காட்சிக்குள் வாராதபடி கேமராவை முன்தள்ளிப் பொருத்துக. சன்னற்கண்ணாடிக்குப் பின் வைத்த கேமராவாயின் அதன் அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிடுக. இல்லையேல் கண்ணாடி தன் ஒளியையே அதற்குக் காட்டும். எல்லாவற்றிலும் மேலாக, விளக்கையும் கண்ணையும் பிரித்து வைக்க. வெளிக்கதவின் பக்கவாட்டில் தனியே பொருத்தும் ஓர் எல்.இ.டி. விளக்கு நிறத்தையும் மீட்டுத் தரும். புதிய கேமரா வாங்குமுன் செய்து பார்க்கத்தக்கது இதுவே.

3. எண்கள் கூறுவன

மிகுதியான படப்புள்ளிகளே தெளிவு எனப் பலர் எண்ணுகின்றனர். முன்பின் அறியாதவரை அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 படப்புள்ளிகள் வேண்டும் என்பது பன்னாட்டுத் தர அளவு. 1920 படப்புள்ளி அகலமுள்ள கேமரா, அக்கணக்கில் 7.7 மீட்டர் அகலத்தையே அவ்வாறு காட்டவல்லது. முற்றம், தெரு, எதிர்வீடு அனைத்தையும் ஒரே கேமராவில் அடக்க முயன்றால் எவர் முகமும் தெரியாது. ஒரு கேமராவையேனும் வெளிக்கதவின்மீது மட்டும் குறுக்கி நிறுத்துக.

அடுத்தது ஒளியேற்கும் நேரம். இருளில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் நொடியில் 25இல் ஒரு பங்கு வரை ஒளியை வாங்குகிறது. நொடிக்கு 1.25 மீட்டர் நடப்பவர் அதற்குள் 5 செண்டிமீட்டர் நகர்ந்துவிடுவதால் முகம் கலங்குகிறது. 100இல் ஒரு பங்காகக் குறைத்தால் கலக்கம் குறையும். ஆனால் ஒளியும் கால் பங்காகும். அதை ஈடுசெய்யவே அத்தனி விளக்கு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவில் 60 என இருப்பின் மாற்றுக, விளக்கொளியில் தோன்றும் பட்டைகள் மறையும். புதிதாக வாங்குவோர் பெரிய உணரியையும் அகன்ற ஒளித்துளையையும் நாடுக, எஃப் 1.0 துளை, எஃப் 2.0 துளையைப்போல் நான்கு மடங்கு ஒளியை ஏற்கும்.

4. வகுப்பறைக்கு ஒரு சோதனை

தொலைக்காட்சியின் கையடக்க இயக்கியைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துக. கண்ணுக்குத் தெரியாத விளக்கு பெரும்பாலான கைப்பேசித் திரைகளில் மின்னும். அகச்சிவப்பை விளக்க இதனினும் எளிய கருவி இல்லை.

வீட்டிலும் ஒரு சோதனை உண்டு. இரவில் ஒருவரை வெளிக்கதவிலிருந்து இயல்பாக நடந்துவரச் செய்து, அவரை அறியாத ஒருவரிடம் பதிவைக் காட்டுக. பின்னர் அவரை நேரில் கண்டதும் 'இவரே அவர்' என அவர் கூறினால் கேமரா தேறியது.

நிலநடுக்கோட்டை அடுத்துள்ள நம் மாநிலத்தில் ஆண்டு முழுவதும் நாளின் ஏறத்தாழப் பாதி இரவாகும். அப்பாதியைக் காவாத கருவி, காவல் என்னும் பெயருக்கு உரியதன்று. கண்காணி என்றால் கண்ணால் காண்பவன் என்பதே பொருள். கேமரா காணாத முகத்தை நம் ஐயத்தால் வரைந்து நிரப்புதல் கண்காணிப்பு ஆகாது. படம் தெளிவில்லாதபோது 'தெரியவில்லை' என்று சொல்லும் நேர்மையையும் மாணவர்க்குக் கற்பிப்போமாக.