கப்பல் ஏட்டில் ஊர்ப் பெயர் தேடுவோருக்கு

நம் சங்கக் கூட்டங்களில் புதிதாக அறிமுகமாகும் இருவர் முதலில் கேட்டுக்கொள்வது, "உங்களுக்கு எந்த ஊர்?" என்பதுதான். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத தமிழர்களும் உலகில் ஏராளம். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் சந்ததியார் பலர் அந்த நிலையில் இருக்கிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை இவ்வாறு நேட்டால் சென்ற இந்தியர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து சென்றவர்கள் அவர்களுள் மிகப் பலர்.

அன்றைய அதிகாரிகள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் வரை ஏட்டில் பதிந்து வைத்தார்கள். கூலிகளைக் கணக்கு வைக்க எழுதிய அந்த ஏடே இன்று பேரப்பிள்ளைகளுக்கு வேர் காட்டும் ஆவணமாகிவிட்டது. அதைப் படியெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியும் இருக்கிறார்கள்.

இப்போது பலர் செயற்கை அறிவு உதவியாளரிடமே, "என் கொள்ளுத் தாத்தா எந்தக் கப்பலில் போனார்?" என்று கேட்கிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அந்த இயந்திரம் ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பழகியதே தவிர, ஏட்டின் ஒவ்வொரு வரியையும் நினைவில் வைத்திருப்பதில்லை. விடை தெரியாதபோதும் நம்பும்படியாக ஒரு கப்பல் பெயரையும் ஓர் ஊரையும் சொல்லிவிடக்கூடும். நாமும் அந்த ஊருக்குப் பயணப்பட்டு, உறவில்லாதவர்களை உறவென்று கட்டியணைப்போம்!

இந்தக் குறையைப் போக்கவே இணைப்பு மென்பொருள்கள் வந்துள்ளன. இவை உதவியாளருக்கும் ஆவணத் தொகுப்புக்கும் நடுவில் நிற்பவை. நாம் பேச்சு வழக்கில் கேட்பதை உதவியாளர் பெயர், ஆண்டு, ஜில்லா என்று பிரித்துக் கொடுக்கும். மென்பொருள் தொகுப்பில் தேடி, பொருந்தும் வரிகளை எடுத்து வரும். உதவியாளர் அதை நமக்கு விளக்கிச் சொல்லும். இதற்குப் பொதுவான விதிமுறை ஒன்றை ஆந்த்ரோபிக் என்ற அமெரிக்க நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அதன் பெயர் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்'. பழவேற்காட்டில் கோட்டை கட்டியிருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களுக்கு இத்தகைய கருவிகள் எழுதப்பட்டுள்ளன. 1595 முதல் 1795 வரையிலான டச்சுக் கப்பல்களின் 8,000-க்கு மேற்பட்ட ஆசியப் பயணங்களும், ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட மாலுமிகள், சிப்பாய்களின் பதிவுகளும் தேடும் வடிவில் உள்ளன. நேட்டால் ஏடுகளுக்கும் இம்முறை பொருந்தும்.

நான் இரயில்வேயில் பணியாற்றியவன். அப்போது ஒற்றைப் பாதையில் டோக்கன் உருண்டை கைக்கு வராமல் எந்த டிரைவரும் வண்டியை அடுத்த ஸ்டேஷனுக்கு எடுத்ததில்லை. "பாதை காலியாகத்தான் இருக்கும்" என்ற ஊகம் அங்கே செல்லாது. உதவியாளர் சொல்லும் விடைக்கும் அப்படி ஒரு டோக்கன் உண்டு. அதுதான் ஏட்டில் உள்ள பதிவு எண். எண் இல்லாத விடையை ஏற்காதீர்கள்.

எண் கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. நம் பெயர்களைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியவர்கள் மனம்போல எழுதினார்கள். முனுசாமி என்பவர் மூன்சாமி ஆனார். கவுண்டர் கோவெண்டர் ஆனார். ஒலியை வைத்துத் தேட 'சவுண்டெக்ஸ்' என்ற முறை உண்டு. 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அது முதல் எழுத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அடுத்து வரும் மெய்யொலிகளை எண்களாக்கும். எங்கள் வெதுருகுப்பத்தை ஒரு குமாஸ்தா 'வி' என்றும் இன்னொருவர் 'டபிள்யூ' என்றும் தொடங்கி எழுதினால், அந்த முறைக்கு அவை இரண்டு வேறு ஊர்கள்! ஆகவே பெயரை நாலைந்து விதமாக எழுதித் தேடச் சொல்லுங்கள்.

அடுத்தது பழைய நிலவரம். சித்தூர் ஜில்லா உருவானது 1911 ஏப்ரலில். நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றது அதே ஆண்டு ஜூலையில். அதாவது, கப்பல்கள் சென்ற காலம் ஏறக்குறைய முழுவதும் சித்தூர், சந்திரகிரி, கார்வேட்டிநகரம் எல்லாம் வட ஆற்காடுதான். அந்த ஜில்லாவின் தலைநகரமும் சித்தூரே. ஆகவே ஏட்டில் 'சித்தூர்' என்றிருந்தால் இன்றைய ஆந்திர மாவட்டத்தோடு நின்றுவிடக்கூடாது. வேலூர்ப் பக்கத்துக் கிராமமாகவும் இருக்கலாம். குப்பம் என்று முடியும் ஊர்கள் இரு மாநிலத்திலும் நிறைய. தந்தை பெயர், வயது, தாலுகா மூன்றும் ஒத்துவந்தால்தான் முடிவுக்கு வரவேண்டும்.

இவ்வளவுக்கும் அடிப்படை வீட்டிலுள்ள பெரியவர்களின் நினைவுதான். குலதெய்வம் எது, அது எந்த ஊரில் இருந்தது, பாட்டனாரை வீட்டில் எப்படி அழைத்தார்கள் என்பதெல்லாம் எந்தக் கப்பல் ஏட்டிலும் கிடைக்காது. அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு, தமிழ் எழுத்திலேயே எழுதி வையுங்கள். நாளை உங்கள் பேரக்குழந்தை தேடத் தொடங்கும்போது, இயந்திரத்தின் விடையைச் சரிபார்க்க அந்த ஒரு தாள் போதும்.