கதிரையும் கந்தோரும்: ஆங்கிலச் சொற்களின் பிரெஞ்சு உறவினர்

கல்முனைக்கு வடபால், கடற்கரைப் பெருந்தெருவை ஒட்டி அமைந்த ஊர் பாண்டிருப்பு. திரௌபதை அம்மன் ஆலயத்துத் தீமிதிப்பினாற் பெயர் பெற்ற இவ்வூரிலும், இதனை அடுத்து நெசவுக்குப் புகழ்வாய்ந்த மருதமுனையிலும், வீடு தேடி வந்தவருக்குக் 'கதிரை'யையே எடுத்து இடுவர். இந்துவாயினும் முஸ்லிமாயினும் இச்சொல்லில் வேற்றுமை இல்லை. பள்ளிப் பிள்ளையோ ஆங்கிலப் பாடத்திற் 'செயர்' என்னும் சொல்லைக் கண்டு, கதிரை தமிழ், செயர் ஆங்கிலம் என்று ஏட்டில் எழுதிக்கொள்ளுகிறது. உண்மையில் இவ்விரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்கு வந்த 'கதெட்ரா' என்னும் சொல், போர்த்துக்கேய மொழியிற் 'கதெய்ரா' ஆகி, அவர்தம் கப்பலேறி இக்கரையிற் கதிரை ஆயிற்று. அதே சொல் பழைய பிரெஞ்சு மொழியிற் புகுந்து உருமாறி, அங்கிருந்து ஆங்கிலத்தை அடைந்து செயர் ஆயிற்று.

போர்த்துக்கேயர் மட்டக்களப்பிற் கோட்டை கட்டியது 1628ஆம் ஆண்டில். ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியது 1638இல். இடைப்பட்ட பத்தாண்டுகளில் மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, பாண் எனச் சொற்கள் இத்துணை வேரூன்றியது எவ்வாறு என்னும் ஐயம் எழலாம். கீழைக் கடல்களிற் போர்த்துக்கேய மொழி வாணிகப் பொதுமொழியாக வழங்கியது; ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்திலும் அது மக்கள் நாவை விட்டு நீங்கவில்லை என்பதே விடை.

ஆங்கிலத்தின் கதை இதனினும் பெரிது. 1066ஆம் ஆண்டில் நோர்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், அரசவையிலும் வழக்குமன்றிலும் பிரெஞ்சு மொழியே கோலோச்சிற்று. வழக்குகளை ஆங்கிலத்திற் பேசவேண்டும் என்று சட்டம் பிறந்தது 1362இல். அதற்குள் நீதி, ஆட்சி, சமையல், உடை ஆகிய துறைகளிற் பிரெஞ்சுச் சொற்கள் குடியேறிவிட்டன. காணிப் பிணக்கு முற்றியவர் 'கோட்டுக்குப் போனார்' என்று நம் ஊர்களிற் சொல்லும்போது, அந்தக் 'கோடு' ஆங்கிலக் 'கோர்ட்' என்பது யாவரும் அறிந்ததே. அந்தக் கோர்ட் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றுக்கொண்ட சொல் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

ஆயினும் உறவினர் என்பதற்காக இரு சொற்களும் ஒரே பொருளைத் தரும் என்று கொள்ளுதல் பிழை. இறைச்சிக் கடையிலேயே இதனைக் காணலாம். பிரெஞ்சு மொழியில் 'மூத்தோன்' என்பது செம்மறி ஆட்டையும் குறிக்கும், அதன் இறைச்சியையும் குறிக்கும். அது ஆங்கிலத்திற்கு வந்து 'மட்டன்' ஆகியபோது, மேயும் ஆட்டைப் பழைய ஆங்கிலச் சொல்லுக்கே விட்டுவிட்டு, தட்டில் வைத்த இறைச்சியை மட்டும் தனதாக்கிக்கொண்டது. கடல் கடந்து நம் உணவகங்களுக்கு வந்தபோதோ, அது பெரும்பாலும் வெள்ளாட்டு இறைச்சிக்குப் பெயராயிற்று. சொல் ஒன்றே, ஆடு மாறிவிட்டது!

பிரெஞ்சு கற்கும் ஆங்கில மாணவன் இத்தகைய இடங்களிலேயே இடறி விழுகிறான். ஆங்கிலத்தில் 'லைப்ரரி' என்றால் நூல்நிலையம். பிரெஞ்சில் 'லிப்ரேரி' என்று எழுதிய பலகையைக் கண்டு இரவல் நூல் எடுக்க உட்புகுவானாயின் வெட்கமுற நேரும். அது புத்தகம் விற்கும் கடை. நூல்நிலையத்திற்கு அங்கே 'பிப்லியோத்தேக்' என்று பெயர்.

கந்தோர் என்னும் சொல்லும் சுவையானது. பிரெஞ்சு மொழியிற் 'கொந்த்துவார்' என்பது பணம் எண்ணும் மேசை. வாணிக நிலையத்தையும் குறிக்கும். புதுச்சேரி, காரைக்கால் முதலிய தங்கள் இடங்களைப் பிரெஞ்சுக்காரர் இப்பெயராலேயே வழங்கினர். இச்சொல்லை ஒல்லாந்தர் எடுத்துத் தம் அலுவலகத்துக்குப் பெயராக்கினர். நமக்கு அது கந்தோர். ஆங்கிலேயர் கொண்ட இதன் கிளைச்சொல்லே 'கவுண்டர்'. ஆகவே, கந்தோருக்குச் சென்று கவுண்டரில் வரிசையாக நிற்பவர் ஒரு குடும்பத்துச் சொற்கள் இரண்டினிடையே நிற்கிறார் எனலாம்.

இவற்றாற் பெரிய தீங்கு இல்லை. காணி உறுதி எழுதும்போது நிலைமை வேறு. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி கைமாறும் உறுதி நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளுக்குக் குறையாமல் வைத்து ஒப்பமிடப்படல் வேண்டும். அன்றேல் அது சட்டத்தின் முன் செல்லாது. நொத்தாரிசு என்பது ஒல்லாந்தர் தந்த சொல். அகராதி இதற்கு ஆங்கில நிகராக 'நோட்டரி' என்று கூறும். ஆனால் இங்கிலாந்தில் வீடு, நிலம் விற்கும் பத்திரங்களைப் பெரும்பாலும் கவனிப்பவர் சொலிசிற்றர் எனப்படும் சட்டத்தரணி. அங்குள்ள நோட்டரியின் முதன்மையான பணி, வெளிநாடுகளுக்கு அனுப்பும் பத்திரங்களை உறுதிப்படுத்துதல். பிரான்சிலோ வீடு விற்பனைப் பத்திரம் 'நொத்தேர்' முன்னிலையிலே முடிக்கப்படுகிறது. எனவே கல்முனை நொத்தாரிசுக்குத் தொழிலால் நெருங்கிய உறவினர் பாரிஸ் நகரத்து நொத்தேரே. இலண்டன் நோட்டரி பெயரளவில் உறவினர். இன்று இக்கரையிற் பிறந்தோர் இரு நாடுகளிலும் வாழ்கின்றனர். லா சப்பேலில் வாழ்பவரும் இலண்டனில் வாழ்பவரும் வீடு வாங்கும்போது, அகராதியிற் கண்ட நிகர்ச்சொல்லை நம்பி ஒரே பெயர்ப்பலகையைத் தேடுதல் கூடாது.

நிகர்ச்சொல் தேடும் முயற்சி இப்பகுதிக்குப் புதிதன்று. கல்முனைக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர், 1936இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அறிவியற் சொற்களுக்குத் தமிழ் காணும் அம்முயற்சி 1938இல் 'கலைச்சொற்கள்' என்னும் நூலாக வெளிவந்தது. பின்னர் இலங்கையும் தமிழ்நாடும் தத்தம் பாடநூல்களைத் தனித்தனியே வகுத்தன. ஆங்கிலத்தில் 'மாஸ்' எனப்படுவது இலங்கைப் பாடநூலில் 'திணிவு'. தமிழ்நாட்டில் அதுவே 'நிறை'. ஆங்கில 'வெயிற்' இலங்கையில் 'நிறை', தமிழ்நாட்டில் 'எடை'. ஆங்கிலமும் பிரெஞ்சும் இரு மொழிகள். அவற்றிடையே குழப்பம் நேர்வது இயல்பு. இங்கோ ஒரே தமிழில், ஒரே சொல் இரு கரைகளில் இரு பொருள் தருகிறது. பாண்டிருப்பில் தமிழ்நாட்டு நூலை வைத்துப் பௌதிகம் பயிலும் மாணவன், 'நிறை 1 கிலோகிராம்' என்று அதிற் கண்டதும் நூலில் அச்சுப்பிழை என்று எண்ணுவான். அவன் அறிந்த கணக்கின்படி 1 கிலோகிராம் என்பது திணிவு; அதன் நிறை ஏறத்தாழ 9.8 நியூற்றன்.